மிதிவண்டிச் செலவு

வழிப்பயணத்தைப் பழந்தமிழர் 'செலவு' என்றனர். இக்காலத்தார் அச்சொல்லைக் கையினின்று கழியும் பணத்திற்கே உரியதாக்கி விட்டனர். சென்ற சித்திரைத் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று யாம் பதினொருவர் அவிநாசியினின்று புறப்பட்டு மேற்கொண்ட மிதிவண்டிப் பயணத்திற்கு இவ்விரு பொருளும் பொருந்தும். அப்பயணத்தைப் பற்றி அன்பர்கள் பலவாறாகக் கேள்வியுற்றிருப்பர். அதன் பின்னர் நம் கல்லூரியில் இருவகைக் கருத்துக்கள் எழுந்துள்ளன. ஆசிரியப் பெருமக்களுள் சிலர், கோடையில் இத்தகைய செலவு இனி வேண்டா என்கின்றனர். மாணவருள் சிலரோ, அதனை விடாது நடத்துக. ஆயின் காலவரையறையும் சான்றிதழும் வைத்து, ஒவ்வொருவனும் தன் தன் வலிமைக்கேற்ப ஓட்டிச் செல்லுமாறு செய்க. பின்தங்கியவனுக்குப் பிறர் பொறுப்பல்லர் என்று முன்னரே எழுதி வாங்கிக் கொள்க என்கின்றனர். யாம் இவ்விரண்டையும் மறுக்கின்றோம். மறுத்தற்கு எமக்குத் தகுதி யாதென வினவின், அன்று தவறு செய்தவர் யாமே என்பதன்றி வேறு தகுதி இல்லை.

வண்டியின் பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறிவிடுதல் நலம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் 'சைக்கிள்' என்று எழுதலாமோ என்று எம்மைக் கேட்பார் உளர். துவிச்சக்கர வண்டி என்பது இன்றும் யாழ்ப்பாணத்தார் வழக்கு. ஈருருளி என்பர் தனித்தமிழன்பர். மிதிவண்டி என்பது அரசினர் ஆணைகளிற் பயில்வது. ஆயின் அவிநாசிக் கடைத்தெருவில் 'எம் ஈருருளிக்குக் காற்று நிரப்புக' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பர். ஆதலின் வாய்க்கு வந்தவாறே எழுதுகின்றோம், பிழையாயின் பொறுத்தருள்க.

அவிநாசிச் சித்திரைத் தேரோட்டம் முடிந்து சில நாட்களே கழிந்திருந்தன. வைகறை நாலரை மணிக்குத் தேர் நிலைக்கு அருகே கூடினோம். யாம் வகுத்துக்கொண்ட வழி இது: அவிநாசியினின்று வடக்கே சேவூர், பு. புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம். அங்கு நின்று கிழக்கே திரும்பிக் கோபிசெட்டிபாளையம். பின் தெற்கே குன்னத்தூர், பெருமாநல்லூர். முடிவில் மீண்டும் அவிநாசி. எம் கணக்கில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். எம்முள் ஐவரிடம் கியர் வைத்த புதிய வண்டிகள் இருந்தன. ஏனையோருடையவை பலதரத்தன. அவற்றுள் ஒன்று, அரசினர் பள்ளியிற் பதினோராம் வகுப்புப் பயின்றபோது எம் நண்பன் ஒருவனுக்கு விலையின்றிக் கிடைத்த வண்டி. கியர் இல்லாதது, மட்கார்டும் கேரியரும் செயின் கவரும் தாங்கிக் கனத்தது. அவன் பெயரை ஈண்டுக் குறியோம். அவன் வேண்டுகோள் அது. அவன் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிற் செக்கிங் வேலை பார்ப்பவர். எம்முடன் வருதற்காக முதல் நாள் மாலை அவ்வண்டிக்கு எண்ணெயிட்டு, பிரேக் கட்டைகளை மாற்றி, முன்விளக்கொன்றும் இரவல் வாங்கிப் பூட்டி வந்திருந்தான்.

விடியுமுன் சேவூர் கடந்தோம். வறண்ட மேட்டுநிலம், இருமருங்கும் பனையும் வேலமரமும், இடையிடையே விசைத்தறிக் கூடங்களின் ஓயாத ஒலி. குளக்கரைகளில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தின் குழாய்கள் கண்ணிற்பட்டன. இவ்வட்டாரத்தார் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவந்த அத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்களால் மேலேற்றி, மூன்று மாவட்டங்களிலுள்ள 1,045 குளங் குட்டைகளுக்கு ஊட்டுவது அது. செய்தித்தாளிற் படித்தபோது எமக்கு அது வெறும் எண். அன்று காலை, ஒரு குட்டையில் முழங்கால் நீரும் அடுத்த குட்டையில் வெடித்த மண்ணுமாகக் கண்டுகொண்டே மிதித்துச் சென்றபோதுதான், நீர் மேட்டின்மேல் ஏறுவது எத்துணைக் கடினம் என்பது எம் முழங்கால்களுக்கு விளங்கிற்று. பேருந்தில் இவ்வழியே பன்முறை சென்றுள்ளோம். இந்நிலம் இவ்வாறு ஏறி இறங்குவதென்று ஒருநாளும் அறிந்திலோம்.

புளியம்பட்டி கடந்து சத்தியமங்கலத்தை அணுகும்போது ஒரு விந்தை காணலாம். கீழ்பவானிக் கால்வாயின் பாலம் ஒன்று வரும். அதற்கு இப்பால் சோளத்தட்டும் புழுதியும். அப்பால் வாழை, கரும்பு, தென்னை. இடையே இருப்பது ஒரு பாலத்தின் நீளமே. 1955ஆம் ஆண்டில் நிறைவெய்திய பவானிசாகர் அணையினின்று பிரிந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்வது அக்கால்வாய். பாலத்தைக் கடந்தவுடன் காற்றே வேறாயிற்று. தோலிற் பட்ட அந்த ஈரத்தை எழுத்தில் வடிக்க எமக்கு ஆற்றல் இல்லை. சத்தியமங்கலத்திற் பவானியில் நீராடி, இட்டிலி உண்டு, ஒன்பதரை மணிக்குக் கோபிக்குப் புறப்பட்டோம். கோபியின் நெல்வயல்களைப் பற்றி எழுதத் தொடங்கின் இம்மலர் முழுதும் எமக்கே வேண்டும். கொடிவேரி அணைக்கட்டினின்று வரும் தடப்பள்ளி வாய்க்கால் பல நூற்றாண்டுகளாக அவ்வூரைப் பசுமையாக வைத்துள்ளது என்பதோடு நிறுத்துகின்றோம்.

கோபியை அடைந்தபோது மணி பதினொன்றேகால். வெயில் தலைக்கு நேரே வந்துவிட்டது. அறிவுடையார் அங்கே ஒரு மரத்தடியிற் சாய்ந்து மாலை நான்கு வரை இருந்திருப்பர். யாம் அவ்வாறு செய்தோம் அல்லோம். எம்முள் ஒருவன் கைப்பேசியில், ஓட்டிய தொலைவையும் வேகத்தையும் கணக்கிடும் செயலி ஒன்று இருந்தது. சராசரி வேகம் குறைந்துவிட்டது, இனி நின்றால் இன்னும் குறையும் என்று அது காட்டிற்று. ஒரு பொறியின் சொல்லுக்காகப் பதினொருவர் பன்னிரண்டு மணி வெயிலில் மீண்டும் வண்டியேறினோம். இஃது எமது முதற் பிழை.

இரண்டாம் பிழை அதனினும் பெரிது. கோபிக்குத் தெற்கே கால்வாயைத் தாண்டியவுடன் மீண்டும் மேட்டுநிலம். நிழல் இல்லை. தார்ச்சாலையினின்று எழும் அனல் முகத்திலறைந்தது. முன்னே சென்றவர் மேலும் விரைந்தனர். நிழலைச் சேர வேண்டும் என்னும் ஆவல். காலைமுதலே எம் நண்பன் ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் கடைசியாகவே வந்து சேர்ந்தான். ஒவ்வொரு முறையும் யாம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இளைப்பாறியிருப்போம்; அவன் வந்து இறங்கித் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கும்போது, 'எல்லாரும் வந்தாயிற்று, புறப்படலாம்' என்று எழுவோம். அவனும் சிரித்துக்கொண்டே மீண்டும் ஏறுவான். எவருக்கு ஓய்வு மிகவேண்டுமோ அவருக்கே ஓய்வு மிகக் குறைவாகக் கிடைத்தது என்பதை அன்று யாம் ஒருவரும் எண்ணிப் பார்த்திலோம்.

குன்னத்தூரில் ஒன்றரை மணிக்கு இறங்கி எண்ணினோம். பதின்மரே இருந்தோம். வருவான் என்று இளநீர் அருந்தினோம். வந்திலன். கைப்பேசியில் அழைத்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பின்னரே இருவர் திரும்பிச் சென்றனர்.

ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் பின்னே, சாலையோரத்து ஓட்டுவீடு ஒன்றின் முன்னுள்ள வேப்பமரத்தடியில் அவன் கிடந்தான். கெண்டைக்கால் இரண்டும் இசிவு கண்டு, வாந்தி எடுத்து, தலைசுற்றி விழுந்தவனை அவ்வீட்டு முதியவள் ஒருத்தி நிழலில் இழுத்துப் போட்டு, தலையில் நீரூற்றி, உப்பிட்ட மோர் கொடுத்துக் காத்திருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் இடையே நிகழ்ந்த பேச்சை அவன் பின்னர் எமக்குச் சொன்னான்.

'ஏஞ் சாமி, இந்த வேகாத வெயில்ல ஒத்தையிலயா வந்தே?'

'இல்லீங்க ஆத்தா. கூடப் பத்துப் பேரு வந்தாங்க.'

'அப்ப அவீங்கெல்லாம் எங்க?'

அதற்கு அவன் மறுமொழி கூறிலன். யாமும் இன்றுகாறும் கூறவில்லை.

அவனை அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, மாலை வரை படுக்கவைத்து அனுப்பினர். மூவர் அவனுடன் தங்கி, வண்டிகளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி வந்தனர். எஞ்சிய யாம் எழுவர் பெருமாநல்லூர் வழியாக ஓட்டியே திரும்பினோம். 1970ஆம் ஆண்டில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் குண்டடிபட்டு மாண்ட உழவர்களின் நினைவிடம் அவ்வூரிலுள்ளது. அங்கு நின்று வணங்கிச் செல்வதென்று காலையில் எண்ணியிருந்தோம். ஒருவரும் இறங்கவில்லை. பின் ஆறு தடச் சாலையின் ஓரத்தே, சரக்குந்துகளின் காற்று எம்மைத் தள்ளத் தள்ள, அவிநாசி சேர்ந்தோம். செயலியில் எண் நிறைந்தது. அவ்வெண்ணை எழுவருள் ஒருவரும் இதுவரை பிறருக்குக் காட்டியதில்லை.

நிகழ்ந்தது இவ்வளவே. இனி எம் கருத்து.

இனி வேண்டா என்னும் பெரியோர் அச்சத்தை யாம் எள்ளுகின்றோம் அல்லேம். தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. வெள்ளத்தையும் புயலையும் அஞ்சுவது போல் வெயிலையும் அஞ்சவேண்டிய காலம் இது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. உடலில் நீரும் உப்பும் வற்றினால் அவ்வழி அடைபடுகிறது. உடலின் உள்வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறினால் உயிருக்கே ஊறு. அன்று அவன் அந்நிலைக்கு எவ்வளவு அருகிற் சென்றான் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு நடுக்கம் உண்டாகிறது. ஆயினும் அவனை வீழ்த்தியது வெயில் ஒன்றே அன்று. அதே வெயிலிற் பதின்மர் வீழாது சென்றோமே! விரைந்து செல்பவன் வெயிலிற் குறைந்த நாழிகை நிற்கிறான். அவன் விரைவே அவனுக்குக் காற்றாகிறது. நிழலில் நெடிது இளைப்பாறுகிறான். மெல்லச் செல்பவனுக்கு வெயில் நீளுகிறது, காற்றுக் குறைகிறது, நிழல் சுருங்குகிறது. அன்றியும், சைக்கிள் ஓட்டுவார் பலர் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்லும்போது முன்னவன் காற்றைக் கிழித்துச் செல்ல, பின்னவனுக்கு உழைப்புக் கணிசமாகக் குறைகிறது. குழுவினின்று விடுபட்டவன் அந்த மறைவையும் இழக்கிறான். ஆக, அன்று யாம் அவனை விட்டுச் சென்றது துணையை மட்டும் பறித்ததன்று. அவன் மிதிக்க வேண்டிய உழைப்பையும் மிகுத்தது. செலவு முறையைத் திருத்தாமற் செலவையே ஒழித்தால், பழி முழுதும் சித்திரை மாதத்தின் மேலும் அவன் மேலும் விழும். 'என்னால் நின்றுபோயிற்று என்னும் பேர் எனக்கு வேண்டா' என்று அவனே எம்மிடம் கூறினான். பெரியோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, தன் தன் வலிமைக்கேற்ப ஓட்டுக என்னும் நண்பர்க்கு ஒரு சொல். அவர்கள் மேற்கோளாகக் காட்டுவது, இந்நாளிற் சென்னை, கோயமுத்தூர் முதலிய நகரங்களில் நடைபெறும் நெடுந்தொலைவுச் சைக்கிள் ஓட்டங்களை. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி என்று எல்லை வகுத்து, இடையிடையே அட்டையில் முத்திரையிட்டு, முடித்தார்க்குச் சான்று தருவர். இவற்றின் வரலாற்றை அந்நண்பர்கள் முழுதும் படித்தனரோ அறியோம். 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் இத்தாலியர் பன்னிருவர் உரோமையினின்று நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்திலேயே கடக்க முயன்றனர். அதுவும் கோடை, அதுவும் ஒருநாட் செலவு. இத்தகையோர்க்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர் வந்தது. இலத்தீனில் அதற்குத் துணிவுடையார் என்பது பொருள். 1904ஆம் ஆண்டிற் பாரிசுப் பத்திரிகையாளர் ஆன்றி தெகிராஞ்சு இதற்கு விதிகள் வகுத்தார். அவ்விதிகளின்படி யாவரும் குழுவாகவே செல்லல் வேண்டும். முன்னே வழித்தலைவர் ஒரே சீராக ஓட்டுவார். அவரை முந்துதல் ஆகாது. முந்தைய ஆண்டில் டூர் டி பிரான்ஸ் என்னும் உலகப் பெரும் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவரும் இவரே என்பது நோக்கத்தக்கது. பந்தயம் என்பது யாது என்று நன்கறிந்தவர், குழுச்செலவைப் பந்தயமாக்க விரும்பினாரல்லர். 1921ஆம் ஆண்டில் பாரிசு ஆடாக்ஸ் கழகத்தார்க்கும் அவர்க்கும் பிணக்கு உண்டாகி, கழகத்தார் அவரவர் விருப்பப்படி ஓட்டும் தனி முறையொன்றைத் தொடங்கினர். நம் நாட்டில் இன்று நடப்பது அம்முறையே. பழைய குழுமுறையும் பிரான்சு நாட்டில் மறையவில்லை. மணிக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர் என்னும் சீர்வேகத்தில் இன்றும் கூட்டமாகச் செல்கின்றனர்.

அத்தனிமுறையை யாம் இழித்துரைக்கவில்லை. அதில் இறங்குவோன் தன்னந்தனியே செல்வதாகவே ஒப்பி, அதற்கேற்பப் பல திங்கள் பயின்று, வேண்டுவன யாவும் தன்னுடன் சுமந்து செல்கிறான். அதில் நேர்மை உண்டு. எமது செலவில் அந்நேர்மை இல்லை. 'சேர்ந்து போவோம்' என்று ஒருவனை அழைத்து வந்து, பாதி வழியில் அவனைத் தனியன் ஆக்கினோம். தனிமுறைக்கு அவன் ஒப்பியிருந்தால் வந்தேயிரான். அல்லது அதற்குத் தக்க ஏற்பாட்டுடன் வந்திருப்பான். எழுதி வாங்கிக் கொள்வது இக்குறையை நீக்காது. சட்டத்திலிருந்து எம்மைக் காக்கும், அவ்வளவே. அன்றியும், அவ்வாறு நடத்தினால் விலையில்லா வண்டி உடையவன் இரண்டாம் ஆண்டே வருவதை நிறுத்திவிடுவான். பின் எஞ்சுவது கியர் வண்டி உடையார் சங்கம்.

இவ்விடத்தே ஒரு வெட்கத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எம் பதினொருவருள் மாணவியர் ஒருவரும் இலர். அழைக்கவேண்டும் என்று எமக்குத் தோன்றவேயில்லை. 1991-92ஆம் ஆண்டுகளிற் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாக எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கிற் சைக்கிளும் கற்றனர். வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்தவர்கள், ஆடவர் ஓட்டும் வண்டிகளிலேயே, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பழகினர். எவள் விரைவாகச் செல்கிறாள் என்று அங்கு எவரும் நாழிகை பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் நிகழ்ந்த குழுச்செலவுகளுள் பெரியது எது என்று எம்மைக் கேட்டால் அதனையே சொல்வோம்.

இனி நடத்துவது எவ்வாறு? கனத்த வண்டி எதுவோ அது முன்னே செல்க. அதன் வேகமே எல்லார் வேகமும் ஆகுக. எல்லாருக்கும் பின்னே பஞ்சர் ஒட்டும் பெட்டியும் மாற்று டியூபும் கொண்டு ஒருவன் வருக. பழைய உமணர் உப்பு வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றிற் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆனால் அன்று பதினொருவரிடம் இருந்தது ஒரே பம்ப், அதுவும் முன்னே சென்றவனிடம். ஓய்வு நேரத்தைக் கடைசியாக வந்தவன் இறங்கிய நிமிடத்தினின்றே எண்ணுதல் வேண்டும். காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை ஒருவனும் வண்டியேறலாகாது. கோபியில் அந்த ஐந்து மணி நேரமும் உறங்கினாலும் குற்றமில்லை. ஆறு தடச் சாலையைத் தவிர்த்து, தூரம் கூடினும் ஊர்ச்சாலைகளிற் செல்லுக. நூறு கிலோமீட்டர் ஆகவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. சத்தியமங்கலம் வரை சென்று பவானியில் நீராடி மாலையில் வந்த வழியே திரும்பினாலும் அந்தக் கால்வாய்ப் பாலத்தை இருமுறை காணலாம். அந்தச் செயலி? அதனை அணைத்து வைக்க.

இவ்வளவு மெதுவாகச் சென்றால் அதில் என்ன வீரம் என்று ஒரு நண்பர் கேட்டார். அவிநாசியைப் பற்றியே அவருக்கு மறுமொழி கூறுவோம். சேரமான் பெருமாளைக் காண விரைந்து சென்ற சுந்தரர் இவ்வூர்த் தெருவழியே போகும்போது, ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையொலியும் கேட்டு நின்றார்; காரணம் வினவினார். ஐந்து வயதுப் பாலகர் இருவர் நீராடச் சென்று, ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இன்று பூணூற் கலியாணம் நடப்பதும் அறிந்தார். அதன்பின் நிகழ்ந்த அற்புதத்தைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். எம் சமயம் வேறு. ஆயினும் இக்கதையை வகுப்பிற் பாடமாகக் கேட்டபோது, முதலை பிள்ளையைத் திருப்பித் தந்ததைவிட, போகிறவர் நின்றாரே என்பதே எமக்கு வியப்பாயிருந்தது. அரசன் ஒருவன் காத்திருக்கிறான். இறந்துபட்டவனோ பல ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். நின்று கேட்கவேண்டிய கடன் யாதுமில்லை. நூறாடுகளில் ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையையும் யாம் ஞாயிறு பள்ளிக்காலம் முதல் மனப்பாடமாக அறிவோம். அறிந்து பயன் யாது? குன்னத்தூரில் ஒன்றைக் காணாதபோது எஞ்சிய பத்தும் இளநீர் அருந்திக்கொண்டன்றோ இருந்தன!

இக்கட்டுரையை எழுதத் துணிந்தது, மேற்கூறிய முறையை ஒருமுறை நடத்திப் பார்த்த பின்னரே. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்தபின், அதே பதினொருவர் அவிநாசியினின்று குன்னத்தூர்ப் பக்கம் சென்றோம். விலையில்லா வண்டி முன்னே சென்றது. முதல் அரைமணி நேரம் எம்மிற் சிலருக்குக் கால் துடித்தது உண்மை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே கை வலித்தது என்று ஒருவன் முறையிட்டான். பின்னர்ப் பேசத் தொடங்கினோம். சித்திரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் ஒருவரோடொருவர் பத்து வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவிற்கு வந்தது. குன்னத்தூரையும் தாண்டிக் கோபிச் சாலையிற் சென்று அந்த வேப்பமரத்தடியில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. முதியவள் வாசலில் வந்து நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து, ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, நண்பனைப் பார்த்து, 'பதினொன்னும் வந்திருச்சே! இருக்கிற மோரு பத்தாதே சாமி' என்று சொல்லி, எம்முள் ஒருவன் கையிற் சொம்பைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.